வாசலில் நின்றுவிடும் கால்கள்

அவர் முகம் சிரிக்காது. ஆனால் அவர் சிரித்துக்கொண்டுதான் இருப்பார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

தலவாக்கலைக்கு மேலே, திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் மிட்வைஃப் வேலைக்குப் போய்ச் சேர்ந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். பங்களாவில் வெள்ளைக்காரத் துரை இருந்த காலம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து ஜனங்களுக்கு நான் 'நர்ஸம்மா'. பிரசவம் பார்க்கும் வேலை இல்லாத நேரங்களில் பிள்ளைமடுவத்தைக் கவனிப்பதும் என் பொறுப்பு. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. தகரக் கூரை, நீளமான விறாந்தை, உள்ளே உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள். அங்கே ஆயாவாக இருந்தவர்தான் இவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தவழ்கிற பிள்ளையிலிருந்து கணக்கப்பிள்ளை வரை எல்லோருக்கும் அவர் ஆயாம்மாதான்.

முதல் நாள் நான் போய், "புதுசா வந்திருக்கேன், நீங்கதான் எனக்கு எல்லாம் சொல்லித் தரணும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நான் வந்தது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் அதையே சொன்னாள். "அந்தம்மாவுக்குக் கொஞ்சம் ராங்கி நர்ஸம்மா. முந்தியெல்லாம் அப்படி இல்ல. இப்ப கொஞ்ச வருசமாத்தான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கு."

முகம் எப்படியோ, பேச்சு நேராக இருந்தது. அளவுக்கு மீறி நேராக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

காலையில் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரட்டுக்களத்துக்கு ஓடவேண்டும். அங்கே பேர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. அதனால் பிள்ளை வேறு பக்கம் பார்க்கிற நேரம் பார்த்து நழுவிவிடுவார்கள். ஆயாம்மா விடமாட்டார். வாசலை மறித்துக்கொண்டு நிற்பார்.

"சொல்லிட்டுப் போ."

"நேரமாயிருச்சு ஆயாம்மா. சொன்னா அழும்."

"அழட்டும். அழுது முடிச்சா ஓஞ்சிரும். சொல்லாமப் போனா நாள் பூரா வாசலையே பாத்துக்கிட்டு இருக்கும். பால் குடிக்காது. சொல்லிட்டுப் போ."

அந்தத் தாய் திரும்பி வந்து, ஒரு வயதுகூட ஆகாத பிள்ளையின் முகத்துக்கு நேரே, "அம்மா மலைக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும்.

மாலையில் பிள்ளையை எடுக்க வருகிறவர்களிடமும் அப்படித்தான். அழுததா என்று கேட்டால், அழுதது என்றால் அழுதது என்பார். விழுந்து அடிபட்டிருந்தால் அவர்கள் கேட்குமுன்னே இடத்தைக் காட்டுவார். தன் கவனக்குறைவால் விழுந்திருந்தால் அதையும் சொல்வார். நாளெல்லாம் நின்று களைத்து வருகிற ஒரு தாய்க்கு ஆறுதலாக ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

ஒரு முறை துரையின் மனைவி, துரைசானி, மடுவத்தைப் பார்க்க வந்தார். கணக்கப்பிள்ளைதான் அழைத்து வந்தார். வேலைக்கு ஆள் பிரிப்பது, பேர் பதிவது எல்லாம் அவர் கையில் இருந்தன; அவரிடம் எல்லோருக்கும் பயம். துரைசானி தனக்குத் தெரிந்த தமிழில், "பால் சரியா வருதா?" என்று கேட்டார்.

"நேத்து வரலீங்க" என்றார் ஆயாம்மா.

"ஏன்?"

"கணக்கப்புள்ள ஐயா வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தாங்க. பால் அங்க போயிருச்சு."

புகார் சொல்கிற குரல் இல்லை அது. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். கணக்கப்பிள்ளையின் காது சிவந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு பால் ஒரு நாளும் தவறவில்லை. கணக்கப்பிள்ளையும் அதை மறக்கவில்லை.

அவருடைய சிரிப்பை நான் கண்டுபிடித்தது ஒரு மழை நாளில். நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு பயல் பால் சட்டியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, உலகம் இருட்டிவிட்டதே என்று நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தான். "தொர தொப்பி போட்டுட்டாரு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க" என்றார் ஆயாம்மா. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. முகம் கல்லாக இருந்தது. ஆனால் வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது.

"ஆயாம்மா, நீங்க சிரிக்கிறீங்களா?"

"ஆமா. ஏம்மா, தெரியலையா?"

"தெரியலையே."

அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஜன்னல் கண்ணாடியில் பார்த்தார். சிரித்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கண்ணாடியில் ஒன்றும் அசையவில்லை. வெகுநேரம் அங்கேயே நின்றார்.

"உள்ள சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். வெளிய வரமாட்டேங்குது" என்றார். "இந்த மூஞ்சியவா இத்தன நாளா எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருந்தேன்?"

அன்றிலிருந்துதான் நான் அவரைக் கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன். நடக்கும்போது கைகள் வீசவில்லை. பக்கவாட்டில் அப்படியே தொங்கின. கண் இமைப்பது குறைந்திருந்தது. வலது கை மடியில் சும்மா கிடக்கும்போது கட்டைவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன. மலைக்குப் போகிற பெண்கள், "ஆயாம்மா ஒக்காந்த எடத்துலயே கொழுந்து கிள்ளுது" என்று கேலி பேசினார்கள். அதே கை ஒரு பிள்ளையைத் தூக்க நீண்டால் நடுக்கம் உடனே அடங்கிவிடும். தூங்கும்போதும் அடங்கிவிடும்.

ஆனால் தாய்மார் பார்த்தது மடியில் கிடந்து நடுங்கும் கையைத்தான். தெய்வானை என்ற பெண் என்னிடம் வந்து, "நர்ஸம்மா, என் மக புஸ்பத்த அந்தக் கை எப்பக் கீழ போடுமோன்னு மலையில எனக்கு வேல ஓட மாட்டேங்குது" என்றாள். புஷ்பம் அவளுக்கு இரண்டு பிள்ளைகளை இழந்த பிறகு பிறந்தவள். நான் எப்படி ஆயாம்மாவிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே வந்தார்.

"எனக்கே பயமாத்தான் இருக்கும்மா. என்னைய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. எனக்கு என்னன்னு தெரியணும்."

டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் சிங்களவர். நான் கினிகத்தேனையில் பிறந்து வளர்ந்தவள், சிங்களம் எனக்குச் சரளம். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அவர் ஆயாம்மாவின் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டு நீளாமல் பல்சக்கரம் மாதிரி விட்டுவிட்டு நீண்டது. விரல்களைத் திறந்து மூடச் சொன்னார். நடக்கச் சொன்னார். ஆயாம்மா கூடத்தில் குட்டி குட்டி அடியாக வைத்து நடந்துபோனார். அறை வாசல் வந்ததும் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. உடம்பு முன்னே போகப் பார்க்கிறது, கால் வரவில்லை. நான் பிடித்துக்கொண்டேன். பிறகு டாக்டர் அவரை வெளியே அழைத்துப்போய்ப் படியேறச் சொன்னார். நான் பயந்தேன். ஆயாம்மா ஒவ்வொரு படியாகக் காலைத் தூக்கி வைத்து, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் ஏறிப் போனார். மேலே போய்த் திரும்பி எங்களைப் பார்த்தபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். கையில் பழுதில்லை, காலில் பழுதில்லை. மூளையிலிருந்து நரம்பு வழியாகத் தசைக்குப் போகிற பாதையும் நன்றாகவே இருக்கிறது. கெட்டுப்போயிருப்பது மூளையின் அடிப்பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய இடம். இந்தக் காலை எடு, அந்தக் கையை வீசு என்று நினைத்துக்கொண்டா நாம் நடக்கிறோம்? அதையெல்லாம் நமக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதற்கு அந்த இடம் வேண்டும். சிரிப்பு வந்ததும் முகம் விரிவதற்கும் அது வேண்டும். இவருக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக அவிந்து வருகிறது. ஆனால் யோசித்துச் செய்கிற காரியத்துக்கு மூளையில் வேறு வழி உண்டு. படி கண்ணுக்குத் தெரிகிறது, இங்கே காலை வை என்று அது காட்டுகிறது, அதனால் ஏற முடிகிறது. வெறும் தரை எதையும் காட்டுவதில்லை.

நான் சொல்லி முடித்ததும் ஆயாம்மா கேட்டார். "அப்ப பெரட்டுல பேரு கூப்புடுற மாதிரி, ஒவ்வொரு காலையும் நானே கூப்புட்டு வேலைக்கு அனுப்பணும். அதானே?"

நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். டாக்டர் சிரித்துவிட்டு ஆமாம் என்றார்.

"குணமாகுமா?"

டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். குளிசை தருவதாகவும் நடுக்கம் கொஞ்சம் குறையும் என்றும் சொன்னார்.

"புள்ளையத் தூக்கலாமான்னு கேளுங்க."

கை கீழே போடாது, ஆனால் கால் எப்போது ஒட்டும் என்று சொல்ல முடியாது, முன்பக்கமாக விழுந்துவிடலாம் என்றார் டாக்டர்.

மறுநாள் காலையில், தாய்மார் பிள்ளைகளோடு வந்ததும் வாசலில் நின்று சொன்னார்.

"நேத்து டாக்டர் ஐயாகிட்ட போனேன். எனக்கு நோவு இருக்கு. கை நடுங்குறதுக்குப் பயப்படாதீங்க, புள்ளையத் தொட்டா அது நின்னுரும். ஆனா கால நம்ப முடியாது. அதனால இனிமே நின்னுக்கிட்டு யாரு புள்ளையையும் தூக்க மாட்டேன். கீழ ஒக்காந்து மடியில வச்சுப் பாத்துக்குவேன். மனசு இருக்குறவங்க விட்டுட்டுப் போங்க."

தெய்வானைதான் முதலில் தன் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு போனாள். லயத்தில் முடியாமல் படுத்திருந்த மாமியாரிடம் விட்டுவிட்டு மலைக்குப் போனாள். ஒரு வாரம் அப்படியே போயிற்று. புஷ்பம் பால் குடிக்காமல் அடம்பிடித்து மெலிந்ததும் திரும்பக் கொண்டுவந்து, ஆயாம்மாவின் முகத்தைப் பார்க்காமல், மடியில் உட்காரவைத்துவிட்டுப் போனாள். "சொல்லிட்டுப் போ" என்றார் ஆயாம்மா.

தூக்குகிற வேலைக்கு இன்னொரு பெண்ணை வைத்தோம். ஆயாம்மாவுக்காக நான் விறாந்தையிலும் வாசலிலும் குறுக்குக் குறுக்காகச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்தேன். ஒவ்வொரு கோட்டையும் தாண்டித் தாண்டி அவர் நடந்தார். நடக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் அவர் பின்னால் வரிசையாகத் தாண்டின. கோடு இல்லாத இடத்தில் கால் ஒட்டிக்கொண்டால் நான் என் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைப்பேன். அதைத் தாண்டிக் கால் எழுந்துவிடும்.

இந்த நோயின் கெட்ட குணம், அது பார்க்கிறவர்களுக்குப் பொய்யாகத் தெரியும். டிஸ்பென்சரிக்குப் போகிற செங்குத்தான கல்படிகளில் அவர் சரளமாக ஏறிப் போவதைக் கணக்கப்பிள்ளை பார்த்தார். அன்றே மடுவத்து வாசலில் அவர் நின்றுபோயிருந்ததையும் பார்த்தார்.

"படியேறத் தெரியுது. தட்டுத் தரையில நடக்கத் தெரியலையாக்கும்" என்றார்.

"எனக்கும் அதுதான் புரியல ஐயா" என்றார் ஆயாம்மா. அவர் உண்மையாகத்தான் சொன்னார். கணக்கப்பிள்ளைக்கு அது கிண்டலாகப் பட்டது.

இரண்டு வருடங்கள் போயின. நோய் கூடியது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் எழுப்புவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்ற நிலை வந்தது. குரல் மெலிந்தது. ஆனாலும் பிள்ளைகள் அவர் மடியில்தான் தூங்கின.

ஆனி மாதத்து மழை ஒரு நாள் காலையில் கொஞ்சம் விட்டிருந்தது. நான் உள்ளே ஒரு குழந்தைக்கு நிறை பார்த்துக்கொண்டிருந்தேன். உதவிப் பெண் பீலிக்குப் போயிருந்தாள். ஆயாம்மா விறாந்தைப் பெஞ்சில் இருந்தார். வெளியே பெஞ்சு சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. அவர்தான் விழுந்துவிட்டார் என்று ஓடிவந்தேன்.

அவர் ஓடிக்கொண்டிருந்தார்.

மடுவத்துக்குக் கீழே புல் சரிவு. அதன் முடிவில் வேலி, வேலிக்கு அப்பால் ஆள் உயரத்துக்கு மேல் இறங்கும் கல் மதில், மதிலுக்குக் கீழே மழைக்குப் பெருகிய ஓடை. வேலியில் ஓர் இடத்தில் மண் சரிந்து இடைவெளி விழுந்திருந்தது. புஷ்பம் அந்த இடைவெளிக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தாள். ஆயாம்மா ஈரப் புல்லில் வெறுங்காலோடு, கைகளை வீசிக்கொண்டு, எட்டி எட்டி வைத்து இறங்கிப் போனார். இடையில் வடிகால் கான் ஒன்று தண்ணீரோடு ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒரே தாவலில் தாண்டினார். பிள்ளையின் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து இழுத்தார்.

இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், நீட்டிய கையில் வீறிட்டு அழும் பிள்ளை.

"விடுங்க ஆயாம்மா, புள்ள என்கிட்ட இருக்கு."

"விட்டுட்டேன்னுதான் நெனக்கிறேன். வெரலு கேக்க மாட்டேங்குது."

ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். பிறகு என் பாதத்தைக் குறுக்கே வைத்து வைத்து அவரை மேலே அழைத்து வந்தேன். அவர் ஓடிக் கடந்த இடத்தை நாங்கள் திரும்பிக் கடப்பதற்குள் அடுத்த மழை பிடித்துவிட்டது.

எதிர்மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் இதைப் பார்த்துவிட்டார்கள். கணக்கப்பிள்ளையும் அங்கேதான் நின்றிருந்தார்.

தெய்வானை முதுகில் கூடையோடு ஓடிவந்து ஆயாம்மாவின் காலில் விழுந்தாள். மாலைக்குள் லயமெங்கும் இரண்டு பேச்சு. மாரியம்மன் அவர் மேல் இறங்கினாள் என்று ஒரு பேச்சு. இவ்வளவு நாளும் நடித்திருக்கிறாள், அவசரத்தில் மறந்துபோய் ஓடிவிட்டாள் என்று ஒரு பேச்சு. இரண்டாவது பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் பெண்கள் சூடமும் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் கொண்டு மடுவத்துக்கு வந்தார்கள். ஆயாம்மா கையை மெல்ல உயர்த்தித் தடுத்தார். "சாமியெல்லாம் வரல. நான்தான் ஓடுனேன். எப்படின்னு எனக்குத் தெரியல."

அவர்கள் போன பிறகு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஆயாம்மா, கணக்கப்பிள்ளை தொரைகிட்ட சொல்லப் போறாராம். வேலையில இருந்து பேரு வெட்டிட்டா நீங்க இருக்குற லயத்துக் காம்பராவும் போயிரும். சாமின்னு சொல்றவங்க சொல்லிட்டுப் போகட்டும், நீங்க பேசாம இருங்க. அம்மன் வந்தவங்க மேல கை வைக்க அவருக்குத் துணிச்சல் வராது."

"பேசாம இருந்தாலும் பொய்தானேம்மா."

"யாருக்கு என்ன நட்டம்?"

"நாளைக்கு ஒரு புள்ள காச்சலாக் கெடந்தா, டிஸ்பென்சரிக்குப் போக மாட்டாளுக. துன்னூறு குடுன்னு என்கிட்ட வந்து நிப்பாளுக. அப்ப நான் என்ன பண்ணட்டும்?"

ஒருத்தி அன்று மாலையே காய்ச்சல் பிள்ளையோடு வந்து நின்றாள். ஆயாம்மா என்னைப் பார்த்தார். நான் அவளை டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனேன்.

துரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். ஆபீஸ் நிலைப்படி உயரமில்லாதது, தரையோடு தரையாகப் பதிந்தது. ஆயாம்மாவின் கால்கள் அங்கே நின்றுவிட்டன. துரை மேசைக்குப் பின்னால் இருந்து பார்த்தார். என் பாதத்தை முன்னால் வைக்க நான் நகர்ந்தேன். துரை கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"ஆயா, நீ ஓடினது உண்மையா?"

"உண்மைங்க தொரை."

"இப்ப வர முடியாது?"

"முடியலீங்க."

"பாருங்க தொரை, நடிப்பு" என்றார் கணக்கப்பிள்ளை. "கானைத் தாண்டுனத நான் என் கண்ணால பாத்தேன்."

ஆயாம்மா அவரைத் திரும்பிப் பார்க்க முயன்றார். கழுத்து மெல்லத்தான் திரும்பியது. "ஐயா சொல்றது சரிதாங்க. தாண்டுனேன். ஆனா இப்ப தாண்டச் சொன்னா முடியாது. ரெண்டும் உண்மைதாங்க தொரை. ஒண்ண மட்டும் சொல்ல எனக்குத் தெரியல."

அந்த முகத்தில் பயமும் இல்லை, அழுகையும் இல்லை. இருந்திருந்தாலும் வெளியே வந்திருக்காது. கெஞ்சுகிற முகம் இருந்திருந்தால் துரை இரங்கியிருக்கக்கூடும். அவர் பார்த்தது திமிர் பிடித்த ஒரு கிழவியை. மாத முடிவில் பேரை வெட்டிவிடச் சொன்னார். மஸ்கெலியாத் தோட்டத்தில் இருக்கும் மகனிடம் போகலாம் என்றார். அந்த மகன் ஒரு காம்பராவில் ஏழெட்டுப் பேரோடு இருந்தான்.

அன்று மத்தியான பஸ்ஸில் நான் டவுனுக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். அவர் வியப்படையவே இல்லை. இந்த நோய்க்காரர்களிடம் இதைப் பார்த்திருக்கிறார்களாம். வீட்டில் நெருப்புப் பிடித்தால் எழுந்து ஓடுவார்கள், பந்தை எறிந்தால் பிடிப்பார்கள், பிறகு மறுபடியும் உறைந்துவிடுவார்கள். பெரிய ஆபத்தைக் கண்டதும் மூளை வேறு ஏதோ ஒரு வழியைத் திறந்துவிடுகிறது. எந்த வழி, எப்படித் திறக்கிறது என்று தனக்கும் தெரியாது என்றார். "அவர் நினைத்தாலும் அதைத் திறக்க முடியாது. அதுதான் நோய்" என்றார். துரை கேட்டால் தானே சொல்வதாகவும் சொன்னார்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்துக்குத் தெய்வானை புஷ்பத்தை முதுகில் சேலையால் கட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பலர், கைக்குழந்தையை மாரோடு கட்டியும் இடுப்பில் வைத்தும் வந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகளின் தலைக்குமேல் சாக்குப் படங்கு போட்டிருந்தார்கள்.

"என்னடி இது?" என்றார் கணக்கப்பிள்ளை.

"ஆயாம்மாவ அனுப்பிட்டீங்கன்னா மடுவத்துல புள்ளைய விட மாட்டோம். இப்பவே பழகிக்கிறோம்" என்றாள் தெய்வானை. "கட்டிக்கிட்டே கொழுந்தெடுக்கிறோம். நீங்க பேரு கூப்புடுங்க."

"மழையில புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது?"

"அதத் தொரைகிட்ட நீங்களே கேளுங்க."

யாரும் சத்தம் போடவில்லை. வரிசையாக மலைக்குப் போனார்கள். பிள்ளை முதுகில் இருக்க, கூடையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கொழுந்தெடுத்தார்கள். பிள்ளைகளின் அழுகை பங்களா வரைக்கும் கேட்டிருக்கும். அன்று மடுவத்தில் நானும் ஆயாம்மாவும் வெறும் தொட்டில்களும்தான். "மழையில நனைக்கிறாளுகளே. எனக்காகவா புள்ளைகளுக்குச் சளி புடிக்கணும்? போய் வேணாம்னு சொல்லும்மா" என்று என்னை விரட்டிக்கொண்டே இருந்தார். நான் போகவில்லை.

கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு முன்பே துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் டெலிபோனை எடுத்தார். டாக்டரோடு இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார். வைத்துவிட்டு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். "பிள்ளைகளை உள்ளே கொண்டுபோகச் சொல்லு. ஆயா இருக்கட்டும்" என்றார்.

ஆயாம்மா இருந்தார். கணக்கப்பிள்ளை அதற்குப் பிறகு மடுவத்துப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். தெய்வானை மட்டும் வெள்ளிக்கிழமைகளில் சூடம் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. "நான் சாமி இல்லடி, எத்தன தடவ சொல்றது" என்பார் ஆயாம்மா. "நீங்க சொல்லுவீங்க. எனக்குத் தெரியும்" என்று அவள் ஏற்றிவிட்டுப் போவாள். அந்த ஒரு விஷயத்தில் அவரால் ஜெயிக்க முடியவில்லை.

கல்யாணமாகி நான் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டேன். சில வருடங்கள் கழித்து ஒரு தை மாதத்தில் அவரைப் பார்க்கப் போனேன். மடுவத்துக்குப் போவதை அவர் நிறுத்தியிருந்தார். பெரிய பிள்ளைகள் சிலர் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவர் வாசலில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்களாம். காம்பராவைத் தெய்வானைதான் கூட்டிப் பெருக்கி, காலையில் கஞ்சி ஊட்டிவிட்டு, அவரை வாசலில் உட்காரவைத்துவிட்டு மலைக்குப் போவாள். நான் போனபோது கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பு மிகவும் ஒடுங்கியிருந்தது. குரலைக் கேட்க நான் காதை அவர் வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

ஊர்க்கதை, பிள்ளைகள் கதை எல்லாம் பேசினோம். நான் அன்றுவரை கேட்காத ஒன்றைக் கேட்டேன். "அன்னைக்கு ஓடுனீங்களே ஆயாம்மா, அப்ப என்ன நெனச்சுக்கிட்டு ஓடுனீங்க?"

பதில் ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"ஒண்ணும் நெனக்கலம்மா. கால் தானாப் போச்சு. நெனக்காம நடந்து எம்புட்டு வருசமாச்சு. புல்லு ஈரம் காலுல பட்டுச்சு. காத்து மூஞ்சியில அடிச்சுச்சு."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"புள்ள விழுந்துரும்னு பயம் வந்துச்சு. ஆனா அது பொறவுதான். மொதல்ல வந்தது சந்தோசம். ஐயோ, நான் ஓடுறேன்னு. தெய்வானைகிட்ட இத நான் சொல்லல. அவ கேக்கவும் இல்ல."

நான் அவர் கையைப் பிடித்தேன். கம்பளிக்கு உள்ளே அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"வெயில் அந்தப் பக்கம் போயிருச்சு பாரு" என்றார். "என்னையக் கொஞ்சம் திருப்பி ஒக்கார வையிம்மா."